உங்களுக்குத் தெரியுமா? ஒரே கோளில் இருவர், ஆனாலும் சந்திப்பில்லை!

2016 ஆகஸ்டில் வெளியான ‘நோ மேன்ஸ் ஸ்கை’ வீடியோ கேமில் உள்ள கோள்கள் 18,446,744,073,709,551,616. அறுபத்து நான்கு இரண்டுகளைப் பெருக்கினால் வரும் எண் இது! இவற்றை யாரும் ஒவ்வொன்றாக வரைந்து வைக்கவில்லை. ஆடுபவர் நெருங்கும்போதுதான் கணிதச் சூத்திரம் மலையையும் கடலையும் உருவாக்கும்.

வெளியான அன்றே ஏமாற்றம் தொடங்கியது. இரண்டு பேர் ஒரே கோளில், ஒரே இடத்துக்கு வந்து நின்றார்கள். ஒருவர் கண்ணுக்கு மற்றவர் தெரியவே இல்லை. சேர்ந்து ஆடலாம் என்று நம்பிக் காசு கொடுத்தவர்கள் கொதித்துப்போனார்கள். நியாயமான கோபம்தான்.

இங்கிலாந்தின் கில்ட்ஃபோர்டில் உள்ள சிறு நிறுவனமான ‘ஹலோ கேம்ஸ்’, தான் உருவாக்கிய இந்த விளையாட்டைக் கைவிடவில்லை. 2018 ஜூலையில் வந்த ‘நெக்ஸ்ட்’ அப்டேட்டில் ஆடுபவர்கள் ஒருவரையொருவர் முழு உருவத்தில் பார்த்தார்கள். அதற்குத் தனிக் கட்டணமும் இல்லை.