பழைய காரின் கிளட்ச்

பொருளைப் பிரிப்பவன் அவசரக்காரனாக இருந்தாலும் இருக்கலாம். அதைத் திரும்பப் பூட்டுபவன் நிதானமுள்ளவனாகத்தான் இருத்தல் வேண்டும். மோட்டார் காரின் கிளட்ச் இதற்கு நல்ல சான்று. பூட்டி மூடிய பின் அது கண்ணுக்குப் புலப்படுவதில்லை. உள்ளே பிழை இருந்தால், பெரும்பாலும் ஏற்றத்தின் நடுவில்தான் அது தன்னை அறிவிக்கும்.

உத்தமபாளையத்திலிருந்து கம்பம், கூடலூர் கடந்து லோயர் கேம்ப்பை அடைந்தால், அங்கிருந்து குமுளி வரை சாலை மலைமீது ஏறுகிறது. சில ஆண்டுகளுக்கு முன், என் தம்பி மகன் வைத்திருந்த பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரில் அவ்வழியே சென்றோம். பாதி ஏற்றத்தில் எஞ்சின் உரக்க இரைந்தது. வண்டியோ நத்தைபோல் ஊர்ந்தது. கருகிய நாற்றம் எழுந்தது. பின்னால் பாரம் ஏற்றிய லாரி ஒன்று வந்துகொண்டிருந்தது. கைப்பிரேக்கை இழுத்து, சக்கரத்தின் அடியில் கல்லை வைத்து, ஒருவாறு உயிர் தப்பி ஓரமாக நின்றோம். அந்த வண்டிக்குக் கிளட்ச் பிளேட் மாற்றி இரண்டு மாதங்களே ஆகியிருந்தன. புதிய பிளேட் இத்துணை விரைவில் கைவிட்டது ஏன்?

இதை அறியக் கிளட்சின் தொழிலை முதலில் அறிய வேண்டும். இரு உள்ளங்கைகளையும் சேர்த்து அழுத்தி ஒன்றைத் திருப்பினால் மற்றதும் உடன் திரும்பும். அழுத்தத்தைத் தளர்த்தினால் ஒன்று மட்டும் திரும்பும். கிளட்சின் தத்துவம் இவ்வளவே. எஞ்சினோடு சேர்ந்து சுழலும் கனமான சக்கரம் பிளைவீல். அதன்மேல் போல்ட்டுகளால் பிணைக்கப்பட்டு, ஸ்பிரிங்குகளின் விசையால் அழுத்துவது பிரஷர் பிளேட். இவ்விரண்டுக்கும் இடையே அகப்பட்டிருப்பது, இருபுறமும் உராய்வுப் பட்டை ரிவிட் செய்யப்பட்ட கிளட்ச் பிளேட். அதன் நடுத்துளையிலுள்ள பற்கள் கியர் பெட்டியின் தண்டோடு பொருந்தியிருக்கின்றன. மிதியை அழுத்தினால் பிரஷர் பிளேட் விலகி, எஞ்சின் தனியே சுழலும். விட்டால் மூன்றும் ஒன்றாகி வண்டி நகரும்.

ஹெரால்டு, இங்கிலாந்தில் டிரயம்ப் நிறுவனம் 1959இல் வெளியிட்ட கார். சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் அதைத் தயாரித்தது. அதன் உடல் வேறு, அடிச்சட்டம் வேறு. அதே அடிச்சட்டத்தின் நீளத்தைக் குறைத்து, 1962இல் ஸ்பிட்ஃபயர் என்னும் இரண்டு இருக்கைகள் கொண்ட விளையாட்டுக் காரை டிரயம்ப் உருவாக்கியது. பிற்காலத்தில் இங்கிலாந்தில் பலர் பழைய ஹெரால்டின் அடிச்சட்டத்தை வாங்கி, அதன்மேல் தாமே புதிய உடலைக் கட்டிக்கொண்டனர். உதிரிகளாக விற்ற காரை வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் வழக்கம் அந்நாட்டில் முன்னரே இருந்தது. 1957இல் வந்த லோட்டஸ் செவன் அவ்வகையைச் சேர்ந்தது. உதிரியாக வாங்கினால் விற்பனை வரி இல்லை என்பது அதற்கொரு காரணம். அத்தகைய கார்களில் உரிமையாளரே மெக்கானிக். நம் நாட்டிலும் ஹெரால்டு வைத்திருப்பவர் இன்று ஏறக்குறைய அதே நிலையில் இருக்கிறார். செய்தவர் கடையை மூடிவிட்டார்; காப்பவர் தாமே கற்றாக வேண்டும்.

ஹெரால்டில் கியர் பெட்டியைக் காரின் உள்ளிருந்தே எடுத்துவிடலாம். முன் இருக்கைகளையும் நடுவிலுள்ள மூடியையும் கழற்றினால் போதும். என்னிடம் படித்து இப்போது பட்டறை வைத்திருக்கும் ஒருவர் அவ்வாறே எடுத்தார். பிளேட்டை வெளியே எடுத்துக் கையில் தடவிப் பார்த்தவர், "ஐயா, இது தேயவில்லை, எண்ணெய் குடித்திருக்கிறது" என்றார். எஞ்சினின் பின்புறக் கசிவு பட்டையை நனைத்திருந்தது. முன்னர்ப் பழுது பார்த்தவர் நோயை விட்டுவிட்டு நோயாளியின் சட்டையை மாற்றியிருந்தார். காரணத்தைக் காணாமல் மூடிவிட்டதுதான் எங்களை மலையில் நிறுத்தியது.

ஆகவே முதல் விதி இது: பிளேட் ஏன் கெட்டது என்று தெரியும்வரை புதியதைப் பூட்டாதீர்கள். எண்ணெய் கசிகிறதா, பிளைவீலின் முகத்தில் வெடிப்போ நீலம் பாய்ந்த சூட்டுத் தழும்போ இருக்கிறதா, மிதியின் விசையைத் தாங்கும் ரிலீஸ் பேரிங் நல்ல நிலையில் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

உள்ளே படிந்திருக்கும் தூசியை வாயால் ஊதவோ காற்றுக் குழாயால் அடிக்கவோ கூடாது. பழைய உராய்வுப் பட்டைகளில் கல்நார் கலந்திருக்கும். அதன் தூசி நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயையும் உண்டாக்கவல்லது. முகத்தை மூடிக்கொண்டு ஈரத்துணியால் துடைத்து, அத்துணியைப் பையிலிட்டுக் கட்டி அப்புறப்படுத்துங்கள். பட்டறையில் தொழில் பழகும் சிறுவனை இவ்வேலைக்கு ஏவாதீர்கள்.

இனிப் பூட்டும் முறை. கழற்றும்போதே பிரஷர் பிளேட்டின் உறையிலும் பிளைவீலிலும் நேருக்கு நேர் ஓர் அடையாளம் இட்டிருக்க வேண்டும். பழைய இடத்திலேயே அமர்ந்தால்தான் சுழற்சி சமநிலை கெடாது. கையில் கிரீஸ் இல்லாமல் புதிய பிளேட்டை எடுத்து, எப்பக்கம் எதை நோக்க வேண்டும் என்று பாருங்கள். பிளேட்டிலேயே குறிப்பு இருந்தால் அதன்படி வைக்க வேண்டும். திருப்பி வைத்தால் கிளட்ச் சரியாக விடுபடாது.

அடுத்தது நடுவமைத்தல். பிளேட்டின் மையமும் பிளைவீலின் மையமும் ஒரே கோட்டில் நின்றால்தான் கியர் பெட்டியின் தண்டு உள்ளே நுழையும். பழைய தண்டு ஒன்று கிடைத்தால் அதையே துளையில் செருகிக்கொள்ளலாம். கிடைக்காவிட்டால் கடைசல் பட்டறையில் அதே அளவுக்கு ஒரு மரத்தண்டைக் கடைந்து வாங்கலாம். தண்டு உள்ளே இருக்கும்போதே போல்ட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக முடுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுவதும் முடுக்கிவிட்டு மறுபக்கம் சென்றால் உறை வளைந்துவிடும். முடித்தபின் தண்டு தடையின்றி வெளியே வர வேண்டும்; வராவிட்டால் தளர்த்தி மீண்டும் தொடங்க வேண்டும்.

கியர் பெட்டியைச் சேர்க்கும்போது அதன் பாரம் பிளேட்டின்மேல் தொங்கக் கூடாது. இருவர் தாங்கி நேராகத் தள்ளுங்கள். பற்கள் பொருந்தாவிட்டால் ஒரு கியரைப் போட்டு, பின்னால் உள்ள தண்டைச் சற்றே திருப்பினால் பொருந்திவிடும். போல்ட்டுகளை முடுக்கி வலிந்து இழுத்தால் பிளேட்டின் நடுப்பாகம் கோணிவிடும். எத்தனையோ நல்ல பிளேட்டுகள் இந்தக் கடைசி நிமிட அவசரத்தால் கெட்டிருக்கின்றன.

ஓட்டுவோருக்கும் ஒரு சொல். புதிய பிளேட் படியும்வரை மலையேற்றத்தைத் தவிர்ப்பது நன்று. ஏற்றத்தில் நிற்கும்போது கிளட்சைப் பாதி விட்டு வண்டியைத் தாங்கி நிற்காதீர்கள். கைப்பிரேக் அதற்கென்றே இருக்கிறது. ஓடும்போது மிதியின்மேல் காலை ஊன்றிவைக்கும் பழக்கமும் பேரிங்கை வீணாகத் தேய்க்கும்.

கசிவை அடைத்து, இம்முறையில் பூட்டிய பிறகு, அதே காரில் நாங்கள் குமுளிக்கு மீண்டும் சென்றோம். முன்பு கல் வைத்து நின்ற இடத்தில் என் தம்பி மகன் வேகத்தைச் சற்றே குறைத்தான். பின் மெல்ல ஏறினான். கருகிய நாற்றம் இல்லை. எஞ்சினின் ஓசையும் சக்கரத்தின் ஓட்டமும் ஒத்து நடந்தன. மூடிய பெட்டிக்குள் யாரும் காணாத இடத்தில் செய்த வேலைக்கு, அந்த ஏற்றமே தேர்வாக அமைந்தது.