டோல்கேட்டுக்குப் பக்கத்து ஊர்: உள்ளூர்க் காருக்கும் பைக்குக்கும் விதி என்ன சொல்கிறது?

2025 ஜூன் கடைசியில் ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றியது. ஜூலை 15 முதல் தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் பைக்குக்கும் கட்டணம் உண்டு என்று. எங்கள் குடும்பக் குழுவில் மட்டும் நாலு பேர் ஃபார்வர்டு செய்திருந்தார்கள். ஜூன் 26 அன்று மத்திய அமைச்சர் நிதின் கட்கரி, அப்படி எந்த முடிவும் எடுக்கவில்லை என்று எக்ஸ் தளத்தில் மறுத்தார். விஷயம் அடங்கிவிட்டது.

வதந்தி பொய்தான். ஆனால் அதைச் சரிபார்க்க மூல விதிகளை எடுத்துப் படித்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. சில சூழ்நிலைகளில் பைக்கிடம் கட்டணம் வாங்கலாம் என்று ஒரு வரி விதிக்குள்ளேயே இருக்கிறது. அந்த வரியும், உள்ளூர்க் கார்களுக்கான மாதாந்திர பாஸும் ஒரே சொல்லில் போய் முட்டிக்கொள்கின்றன: சர்வீஸ் ரோடு. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

கணக்கு எப்படிப் போடுகிறார்கள்?

தேசிய நெடுஞ்சாலைகளில் வசூலிக்கும் தொகையைச் சட்டம் 'பயனாளர் கட்டணம்' என்கிறது. நாம்தான் பழக்கத்தில் சுங்கம் என்கிறோம். (முதலாம் குலோத்துங்கன் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பெயர் வாங்கியது சரக்கு மீதான வரியை நீக்கியதற்காக. டோல்கேட் போராட்டங்களில் அவரை இழுப்பது கொஞ்சம் அதிகம்.)

அடிப்படை விதிகள் 2008 டிசம்பரில் வந்தவை. 2007-08-ஐ அடிப்படை ஆண்டாக வைத்து, நான்கு வழிச் சாலையில் காருக்கு கிலோமீட்டருக்கு 65 பைசா என்று நிர்ணயித்தார்கள். ஒவ்வொரு ஏப்ரல் 1-ஆம் தேதியும் அது 3 சதவீதம் உயரும். கூடவே மொத்த விலைக் குறியீட்டு உயர்வில் 40 சதவீதமும் சேரும். வரும் தொகையை அருகிலுள்ள 5 ரூபாய்க்கு முழுமையாக்குவார்கள். ஏப்ரல் ஒண்ணாம் தேதி "டோல் கட்டணம் மீண்டும் உயர்வு" என்று வருடம் தவறாமல் செய்தி வருவது இதனால்தான். யாரும் உட்கார்ந்து புதிதாக முடிவெடுப்பதில்லை. சூத்திரம் தானாக ஓடுகிறது.

கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று படித்தால் நியாயமாகத்தானே இருக்கிறது? சிக்கல், அந்தக் கிலோமீட்டரை யார் எண்ணுகிறார்கள் என்பதில்.

நம் ஊர் நான்கு வழிச் சாலைகளில் இருப்பது பெரும்பாலும் திறந்த முறை. சாலையின் நடுவில் ஒரு சாவடி. அதற்கென்று ஒரு நீளம், உதாரணமாக 60 கி.மீ., ஒதுக்கப்பட்டிருக்கும். அந்த இடத்தைத் தாண்டினால் 60 கிலோமீட்டருக்கும் காசு. தாண்டாமல் 40 கிலோமீட்டர் ஓட்டினாலும் காசு கிடையாது. மூடிய முறை வேறு: ஏறும் இடத்தில் ஒரு பதிவு, இறங்கும் இடத்தில் ஒரு பதிவு, ஓடிய தூரத்துக்கு மட்டும் கட்டணம்.

வெளியூர்க்காரருக்குத் திறந்த முறையால் பெரிய நஷ்டமில்லை. சென்னையிலிருந்து மதுரை போகிறவர் எப்படியும் எல்லா நீளத்தையும் பயன்படுத்துகிறார். சாவடிக்கு இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் கடை என்று இருப்பவரைப் பாருங்கள். அவர் ஓட்டுவது 6 கி.மீ. அடிப்படை ஆண்டு விலையிலேயே கணக்குப் போடுவோம்:

60 கி.மீ. × 65 பைசா = 39 ரூபாய், முழுமையாக்கினால் 40.
அவர் உண்மையில் ஓட்டிய 6 கிலோமீட்டருக்கு: 3 ரூபாய் 90 பைசா.

பத்து மடங்கு. 24 மணி நேரத்துக்குள் திரும்பினால் இருவழிக்கும் சேர்த்து ஒன்றரை மடங்குதான் என்ற சலுகை உண்டு. அப்படிப் பார்த்தாலும் நாளுக்கு 60 ரூபாய், மாதம் 26 வேலை நாளுக்கு 1,560 ரூபாய். 2007-08 விலையில்!

அப்போ உள்ளூர் பாஸ் எதுக்கு?

இந்த அநியாயம் விதி எழுதியவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. அதனால் சொந்த உபயோகத்துக்கான வாகனம் வைத்திருப்பவர், சாவடியிலிருந்து 20 கி.மீ. தூரத்துக்குள் வசித்தால், மாதாந்திர பாஸ் வாங்கிக்கொள்ளலாம். அடிப்படை ஆண்டில் 150 ரூபாய். வருடாவருடம் ஏறி 2025-26-ல் 350 ரூபாய் ஆனது. 1,560-க்குப் பதில் 150 என்றால் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு. மேலே பார்த்த பத்து மடங்கை அப்படியே நேர் செய்கிறது. நல்ல திட்டம்தான்.

ஆனால் யாருக்கு இது இல்லை என்பதையும் படிக்க வேண்டும். மஞ்சள் போர்டு வண்டிக்கு இல்லை. காய்கறி ஏற்றிக்கொண்டு தினமும் சந்தைக்குப் போகும் குட்டியானை, சாவடியில் கார் வகுப்பில்தான் வருகிறது. ஆனால் வணிக வாகனம் என்பதால் இந்த பாஸ் கிடையாது. அதற்கு வேறொரு சலுகை: சாவடி இருக்கும் மாவட்டத்திலேயே பதிவான, நேஷனல் பர்மிட் இல்லாத வணிக வாகனத்துக்குப் பாதிக் கட்டணம். 350 ரூபாயோடு ஒப்பிட்டால் அது ரொம்ப தூரம். சொந்தக் காரில் கடைக்குப் போகிற முதலாளியைவிட, அந்தக் கடைக்குச் சரக்கு இறக்கும் டிரைவர் அதிகம் கட்டுகிறார்.

2025 ஆகஸ்ட் 15 முதல் வந்த 3,000 ரூபாய் வருடாந்திர பாஸைப் பற்றியும் கேட்பீர்கள். அது 200 பயணங்கள் அல்லது ஒரு வருடம், எது முதலில் முடிகிறதோ அதுவரை. ஊர் ஊராகப் போகிறவருக்கு லாபம். தினமும் இரண்டு முறை ஒரே சாவடியைத் தாண்டும் உள்ளூர்க்காரருக்கு 200 பயணம் நூறே நாளில் தீர்ந்துவிடும். அவருக்கு 350 ரூபாய் பாஸ்தான் சரி. இந்த வருடாந்திர பாஸும் சொந்த உபயோகக் கார், ஜீப், வேன்களுக்கு மட்டும்தான்.

முகம் தெரிந்த சலுகையும் ஃபாஸ்டேகும்

விதியில் இல்லாத இன்னொரு சலுகை பல இடங்களில் இருந்தது. ஆர்சி புக்கையோ ஆதாரையோ காட்டினால், "நம்ம ஊர் வண்டி" என்று விட்டுவிடுவார்கள். திருமங்கலம் பக்கத்துக் கப்பலூர் சாவடியில் வருடக்கணக்காக நடக்கும் தகராறின் மையமே இதுதான். நகராட்சிக்கு மிக அருகில் சாவடி. உள்ளூர்க்காரர்கள் இலவசம் கேட்கிறார்கள், சாவடியையே இடம் மாற்றக் கேட்கிறார்கள். போராட்டம், பேச்சுவார்த்தை, கொஞ்ச நாள் அமைதி, மறுபடியும் போராட்டம்.

2021 பிப்ரவரி நடுவில் ஃபாஸ்டேக் கட்டாயமானதும் இந்த வாய்மொழி ஏற்பாடுகளுக்கு இடம் சுருங்கியது. மென்பொருள் எழுதுகிறவனாக இதை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன்: முன்பு சலுகை, கவுண்டரில் இருந்தவரின் ஞாபகத்தில் இருந்தது. இப்போது அது ஒரு தரவுத்தளத்தில் ஒரு வரியாக இருந்தால்தான் உண்டு. ஸ்டிக்கரைப் படிக்கும் கருவிக்கு உங்கள் ஊர் தெரியாது, முகம் தெரியாது. பாஸ் அந்த ஃபாஸ்டேகோடு இணைந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். இல்லையென்றால் முழுத் தொகையும் போய்விடும். ஆகவே "பேசிக்கலாம்" என்று இருக்காமல், தகுதி இருப்பவர்கள் பாஸை முறையாக வாங்கி இணைத்துக்கொள்வதே உத்தமம்.

சரி, ஊருக்கு இவ்வளவு பக்கத்தில் சாவடி வைக்கலாமா? நகராட்சி எல்லையிலிருந்து 10 கிலோமீட்டருக்கு அப்பால் வைக்க வேண்டும் என்கிறது 2008 விதி. காரணத்தை எழுதிவைத்து 5 கி.மீ. வரை நெருங்கலாம். முக்கியமாக அந்த ஊர் மக்களுக்காகவே போட்ட சாலை என்றால் அதைவிடவும் நெருங்கலாம். இரண்டு சாவடிகளுக்கு இடையே 60 கி.மீ. இருக்க வேண்டும் என்பதற்கும் இதே போல விலக்குகள் உண்டு. 2008-க்கு முன் ஒப்பந்தம் போட்ட சாலைகளுக்கோ இந்த விதிகளே பொருந்தாது. சென்னையைச் சுற்றியுள்ள சாவடிகளை எடுக்கச் சொல்லி மாநில அரசு கேட்டும் எளிதில் நகராததற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது பைக்குக்கு வருவோம்

விதியின் முதல் பாதி எல்லோருக்கும் தெரிந்தது: இருசக்கர வாகனம், ஆட்டோ, டிராக்டர், மாட்டு வண்டி இவற்றுக்குக் கட்டணம் இல்லை.

இரண்டாம் பாதி அதிகம் பேசப்படாதது. சர்வீஸ் ரோடோ மாற்றுச் சாலையோ இருந்தால், ஆட்டோவும் டிராக்டரும் மாட்டு வண்டியும் பிரதான சாலைக்கு வரவே கூடாது. பைக் வரலாம், ஆனால் கார் கட்டணத்தில் பாதியைக் கட்ட வேண்டும். நான் பார்த்தவரை நம் பக்கத்துச் சாவடிகளில் இதை யாரும் வசூலிப்பதில்லை. ஆனால் விதி அங்கேயே இருக்கிறது. பைக்கின் இலவசம் நிபந்தனைக்கு உட்பட்ட இலவசம்.

அந்த நிபந்தனையை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். 'மாற்றுச் சாலை' என்றால் ஓடுதளம் 10 மீட்டருக்கு மேல் அகலமாக இருக்க வேண்டும். நீளமும் நெடுஞ்சாலையைவிட 20 சதவீதத்துக்கு மேல் கூடக் கூடாது. சாதாரண இருவழிச் சாலையின் அகலமே 7 மீட்டர்தான். ஆகவே ஊருக்குள் சுற்றிப் போகும் பழைய ரோட்டைக் காட்டி "அதான் மாற்றுச் சாலை இருக்கே" என்று சொல்ல முடியாது. நல்ல பாதுகாப்பு.

'சர்வீஸ் ரோடு'? நெடுஞ்சாலைக்கு இணையாக ஓடி, பக்கத்து நிலங்களுக்கு வழிவிடும் சாலை. அவ்வளவுதான். அகலம் இல்லை, தரம் இல்லை, தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஒன்றை டேப் வைத்து அளந்தவர்கள், மற்றொன்றைப் பெயரோடு விட்டுவிட்டார்கள். மாதாந்திர பாஸுக்கும் மாவட்ட வணிக வாகனச் சலுகைக்கும் இதே நிபந்தனைதான்: சர்வீஸ் ரோடு இருந்தால் கிடையாது. நடைமுறையில் பல சாவடிகளின் கட்டணப் பலகையிலேயே உள்ளூர் பாஸ் தொகை எழுதியிருக்கும். இருந்தாலும் விதிப்படி, மழைக்குக் குளமாகி, லாரி நிறுத்துமிடமாகி, பாதியில் ஓடையில் முடிந்துபோகும் ஒரு சர்வீஸ் ரோடுகூட உங்கள் சலுகைக்கு எதிரான வாதமாகலாம்.

காசில்லாமல் கொடுக்கும் விலை

பைக்காரர் பணம் கட்டாவிட்டாலும் வேறு விதத்தில் கட்டுகிறார். சாவடியின் இடது ஓரத்தில் அவருக்கென ஒரு சந்து: மணலும் ஜல்லியும் ஒதுங்கிக் கிடக்கும் இடம். சாலை புதிதாகும்போது மீடியன் திறப்புகளை மூடுவார்கள். எதிரே தெரியும் பள்ளிக்கூடத்துக்குப் போக இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளித் திரும்பி வர வேண்டும். சர்வீஸ் ரோடு சரியாக இருந்தால் அதில் போகலாம். இல்லாத இடத்தில்தான் ராங் சைடில் வருகிறார்கள். ஒழுக்கக் குறைவு என்று திட்டிவிட்டுப் போகலாம்தான். ஆனால் 2022-ல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் சுமார் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். வசையால் குறையக்கூடிய எண்ணிக்கை இல்லை இது.

மலேசியாவோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். அங்கும் பெரும்பாலான கட்டணச் சாலைகளில் மோட்டார் சைக்கிள் இலவசம். பினாங்குப் பாலத்தில் இருந்த கட்டணத்தையும் 2019 ஜனவரி 1 முதல் நீக்கிவிட்டார்கள். ஆனால் அங்கே இலவசத்தோடு நிற்கவில்லை. கோலாலம்பூர் ஃபெடரல் நெடுஞ்சாலையில் 1970-களிலேயே மோட்டார் சைக்கிளுக்கென்று தனித் தடம் போட்டார்கள். நாம் கட்டணத்தை மட்டும் விலக்கிவிட்டு, பாதையைக் கொடுக்க மறந்துவிட்டோம்.

அடுத்து வரும் சாலைகள்

புதிதாக வருபவை விரைவுச்சாலைகள். குறிப்பிட்ட இடங்களில் மட்டும் ஏறலாம், இறங்கலாம். ஓடிய தூரத்துக்குக் கட்டணம். பெங்களூரையும் ஸ்ரீபெரும்புதூரையும் இணைக்கும் 262 கி.மீ. விரைவுச்சாலை இந்த வகை. கார் வைத்திருப்பவருக்கு நான் மேலே சொன்ன பத்து மடங்குப் பிரச்சினை இதில் தீரும். ஆனால் பைக்குக்கு இந்த மாதிரிச் சாலைகளில் இடமே இல்லாமல் போகலாம். பெங்களூரு–மைசூரு சாலையின் பிரதான தடத்தில் 2023 ஆகஸ்ட் 1 முதல் பைக், ஆட்டோ, டிராக்டருக்குத் தடை. அதிவேகத்தில் கார்கள் பறக்கும் இடத்தில் பைக் வேண்டாம் என்பதில் நியாயம் இருக்கிறது. அப்போது அந்த ஊர்க்காரருக்கு மிச்சம் இருப்பது சர்வீஸ் ரோடு மட்டுமே.

திறந்த முறைச் சாலைகளுக்கும் 2024 செப்டம்பரில் ஒரு திருத்தம் வந்தது. செயற்கைக்கோள் வழி இருப்பிடம் காட்டும் கருவி பொருத்திய வாகனங்களுக்கு, நாளொன்றுக்கு 20 கி.மீ. வரை கட்டணம் இல்லை. பரவலாக நடைமுறைக்கு வந்தால் உள்ளூர்க் கார்களுக்குப் பெரிய நிம்மதி. அதற்கு விலையாக உங்கள் வண்டி எங்கே நிற்கிறது என்ற தகவலைக் கொடுக்க வேண்டியிருக்கும். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

நம் ஊர்ப் போராட்டங்களில் கேட்பதெல்லாம் "டோல்கேட்டை எடு", "எங்களுக்கு இலவசம் கொடு" என்பதுதான். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் புதிய சாலைக்கான கருத்துக்கேட்புக் கூட்டம் உங்கள் ஊரில் நடந்தால், கட்டணத்தோடு இவற்றையும் கேளுங்கள்: சர்வீஸ் ரோடு எத்தனை மீட்டர் அகலம்? எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? ஓடையும் ரயில் பாதையும் குறுக்கிடும் இடத்தில் தொடர்கிறதா? பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் எதிரே சுரங்கப்பாதை உண்டா? மழைநீர் எங்கே போகும்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். சாவடி கட்டி முடித்த பிறகு அங்கே இருக்கிறவர்களிடம் கேட்டால், "எங்க கையில ஒண்ணும் இல்லீங்க" என்பார்கள். அந்த நேரத்தில் அது உண்மையும்கூட.