இடப்பக்கம் மட்டும் திரும்பும் பந்தயம்

அண்ணனூரிலிருந்து ஆவடி, பூந்தமல்லி வழியாக பெங்களூரு நெடுஞ்சாலையைப் பிடித்தால், ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னாலேயே வருகிறது இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக். கோவைக்காரரான நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா மாருதி காரில் தன் முதல் பந்தயத்தை ஓட்டி, மேடையேறியது அங்கேதான். 2005இல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன்னில் இறங்கிய முதல் இந்தியர் என்று நம் பக்கத்துப் பிள்ளைகள் அவரைத் தெரிந்துவைத்திருக்கிறார்கள். 2010இல் அவர் அமெரிக்காவில் டிரக் ஓட்டிய கதையைத்தான் யாரும் எடுப்பதில்லை. என்னைக் கேட்டால், அவருடைய துணிச்சல் முழுசாக வெளிப்பட்டது அந்த வருடம்தான்.

மார்ச் மாதம், வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்வில். அமெரிக்காவின் நாஸ்கார் அமைப்பு நடத்தும் பிக்கப் டிரக் தொடரில் அவருக்கு முதல் பந்தயம். சுற்றுக்குச் சுமார் 850 மீட்டர்தான். தார் போட்ட இரண்டு நேர்ப்பாதைகள், கான்கிரீட் போட்ட இரண்டு இறுக்கமான வளைவுகள், 250 சுற்றுகள். இடப்பக்கம் மட்டும் திரும்பினால் போதுமே, இதில் என்ன கஷ்டம் என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு வளைவிலும் ஒன்றரை டன் எடையை அழுத்திப் பிடித்து நிறுத்த வேண்டும். பந்தயம் முடிவதற்குள் ஐந்நூறு முறை! பிரேக் டிஸ்க்குகள் செக்கச்செவேலென்று பழுக்கும். முதல் பாதியிலேயே பிரேக்கைத் தீர்த்துவிட்டவர், கடைசிச் சுற்றுகளில் வெறும் கையோடு நிற்க வேண்டியதுதான்.

அவர் பழகியிருந்த ஃபார்முலா ஒன் காரோ அறுநூற்றுச் சொச்சம் கிலோ. சக்கரங்கள் வெளியே இருக்கும்; உரசினால் கதை முடிந்தது. இங்கே பின்னால் வருபவர் பம்பரால் ஒரு தட்டு தட்டித்தான் வழி கேட்பார். தட்டு வாங்கினால் வண்டியை நேராக்கி, அடுத்த வளைவில் திருப்பிக் கொடுக்க வேண்டும். உரசாமல் ஓட்டியே பெயர் வாங்கிய ஒருவர், 33 வயதில் இதை அரிச்சுவடியிலிருந்து கற்றுக்கொண்டார். முப்பதுக்கும் மேற்பட்ட வண்டிகள் ஓடிய அந்தப் பந்தயத்தில் 13ஆம் இடம் பிடித்தார். முதல் நாளிலேயே இப்படி முடிப்பது லேசுப்பட்ட காரியமல்ல.

அந்த சீசனில் ஒன்பது பந்தயங்கள் ஓடினார். வெற்றி கிடைக்கவில்லை. ஆனால் ஆண்டு முடிவில், அந்தத் தொடரின் ரசிகர்கள் அதிகம் விரும்பிய ஓட்டுநர் என்ற விருது அவருக்கே போனது. பத்மஸ்ரீ கிடைத்ததும் அதே ஆண்டில்தான்.

2011இல் ஹிஸ்பானியா அணி அழைக்க, ஃபார்முலா ஒன்னுக்குத் திரும்பினார். அக்டோபரில் கிரேட்டர் நொய்டாவில் நடந்த முதல் இந்தியன் கிராண்ட் பிரீயில் அவர் ஓட்டியபோது, நாடே அதைப் பற்றித்தான் பேசியது. டிரக் வருடம் அந்த ஆரவாரத்தில் அமுங்கிப்போனது எனக்கு இன்றும் ஆதங்கம்தான்.