நீரிழிவாளரின் அயர்ச்சியும் குருதிச் சர்க்கரை அளவீடும்: திருமுக்கூடல் மருந்துப் பட்டியலை முன்வைத்து

திறவுச்சொற்கள்: நீரிழிவு, அயர்ச்சி, பாண்டு, மண்டூரம், ஆதுலர்சாலை

முன்னுரை

பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்று ஆறுகள் கூடுமிடத்தில் அமைந்தது காஞ்சிபுரம் மாவட்டத்துத் திருமுக்கூடல். இவ்வூர் வெங்கடேசப் பெருமாள் கோயிலிலுள்ள வீரராசேந்திர சோழனின் ஐந்தாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, 'வீரசோழன்' என்னும் ஆதுலர்சாலை 15 படுக்கைகளுடன் இயங்கியதைத் தெரிவிக்கிறது. மருத்துவர், அறுவை மருத்துவர், பணிப்பெண்கள் ஆகியோருக்குரிய ஊதியத்துடன், ஓராண்டுக்கு இருப்பில் வைக்கவேண்டிய மருந்துகளும் பெயர் சுட்டி எழுதப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று மண்டூர வடகம் எனக் கொள்ளப்படுகிறது. மண்டூரம் என்பது பழைய இரும்புக் கிட்டம். உடல் வெளுத்துச் சோரும் பாண்டு நோய்க்கு உரியது. கல்வெட்டில் நீரிழிவு பற்றிய குறிப்பு இல்லை. எனினும் நீரிழிவாளரின் அயர்ச்சியை ஆராய்வோர் இன்று மறந்துவிடுவது இந்தப் பாண்டுவைத்தான்.

சர்க்கரையும் அயர்ச்சியும்

இரண்டாம் வகை நீரிழிவில் குருதியில் சர்க்கரை மிகுந்தும் தசைகள் அதனைப் போதிய அளவு ஏற்பதில்லை. மிகுந்த சர்க்கரை சிறுநீருடன் நீரையும் வெளியேற்றுவதால் உடல் வறள்கிறது. இரவில் பலமுறை எழுவதால் உறக்கம் கெடுகிறது. ஆகவே சர்க்கரை குறைந்தால் சோர்வு நீங்கும் என எதிர்பார்ப்பது இயல்பே. பலருக்கு அவ்வாறே நீங்குகிறது. எல்லோருக்கும் நீங்குவதில்லை. நாள் முழுதும் குழித்தறியில் அமர்ந்து நெய்பவர் இதனை வேலைக் களைப்பு என்றே எண்ணிவிடவும் கூடும்.

அளவீட்டின் பிழை

மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனை, சிவப்பணுக்களிலுள்ள ஹீமோகுளோபினில் படிந்த சர்க்கரையை அளக்கிறது. சிவப்பணுவின் வாழ்நாள் ஏறத்தாழ 120 நாள். இரும்புச்சத்துக் குறையும்போது புதிய அணுக்களின் உற்பத்தி குன்றி, முதிர்ந்த அணுக்களின் பங்கு கூடுகிறது. முதிர்ந்த அணுவில் படிவும் மிகுதி. அதனால் உண்மையான சர்க்கரை உயராமலே சோதனை எண் உயர்ந்து தோன்றக்கூடும் என்பது ஒரு விளக்கம். தேசியக் குடும்பநல ஆய்வு-5 (2019–21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் குருதிச்சோகை உடையோர் எனக் கண்டுள்ள நிலையில், இப்பிழையை அரிதெனத் தள்ள இயலாது.

விளைவு கடுமையானது. சோகையால் சோர்ந்த பெண்ணின் எச்பிஏ1சி உயர்ந்திருப்பதைக் கண்டு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரையின் அளவு கூட்டப்பட்டால், சர்க்கரை தாழ்நிலைக்கு இறங்கலாம். வியர்வை, நடுக்கம் ஆகியவற்றோடு அயர்ச்சியும் மிகும். நெடுநாள் மெட்ஃபார்மின் உண்போருக்கு வைட்டமின் பி12 குறைவதும் உண்டு; அதுவும் சோகைக்கும் சோர்வுக்கும் காரணமாகும். சிறுநீரகப் பாதிப்பு முற்றியவரிடம் நிலை வேறு: அங்கே சோகை இருந்தும் சிவப்பணுக்களின் ஆயுள் குறைவதால் எண் தாழ்ந்து காட்டலாம்.

எனவே அயர்ச்சியுடன் வரும் நீரிழிவாளரிடம் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், பி12, தைராய்டு, கிரியாட்டினின் ஆகியவற்றை அறிவதும், வெறும் வயிற்றிலும் உணவுக்குப் பின்னும் அளந்த சர்க்கரையை எச்பிஏ1சி எண்ணோடு ஒப்பிடுவதும் மருந்தைக் கூட்டுவதற்கு முன் செய்யத்தக்கவை. இவை ஒன்றோடொன்று பொருந்தாவிடின் ஐயம் எண்ணின் மீதே எழவேண்டும். இரும்புச்சத்துக் குறைவு சரிசெய்யப்பட்டபின், நீரிழிவு மருந்தில் மாற்றமின்றியே எச்பிஏ1சி தாழ்ந்தமை ஆய்வுகளில் பதிவாகியுள்ளது.