கல்லூரிச் செலவுக்குக் கடை முதலில் கை வைக்கலாமா?

பிளஸ் டூ முடிவு வெளிவந்த மறுவாரமே நம் உறுப்பினர்களில் பலர் சரக்குக் கொள்முதலைக் குறைத்து விடுகின்றனர். கேட்டால், "பையனுக்குக் காலேஜ் பீஸ் கட்ட வேண்டும் அண்ணாச்சி" என்ற பதில் வருகிறது. சிலர் வங்கியில் வைத்துள்ள கேஷ் கிரெடிட் கணக்கிலிருந்து எடுத்துக் கட்டுகின்றனர். சிலர் சீட்டைத் தள்ளி எடுக்கின்றனர். இரண்டுமே வியாபாரத்தில் புழங்க வேண்டிய பணம். ஆடி கழிந்து சரக்கு பிடிக்க வேண்டிய சமயத்தில் கையில் முதல் இருக்காது. படிப்புக்கென்றே தனியாக உள்ள வழிகளை முதலில் பார்த்துவிட்டு, கடை முதலைக் கடைசியில் தொடுவதே முறையாகும்.

எந்த உதவிக்கும் முதலில் கேட்கப்படுவது வருமானச் சான்றிதழ். இங்கேதான் வியாபாரிகள் குழம்புகின்றனர். விற்றுமுதல் வேறு, வருமானம் வேறு. ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய் விற்பனை செய்யும் மளிகைக் கடைக்காரர் 40 லட்சம் சம்பாதிப்பவர் அல்ல. சிறு வியாபாரிகளுக்கான உத்தேச வருமான முறையில் விற்பனையில் 8 சதவீதம் லாபம் என்று கணக்குக் காட்டினால் அது 3 லட்சத்து 20 ஆயிரம். பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பு மாணவர்க்கான உதவித்தொகைக்கு வருமான வரம்பு இரண்டரை லட்சம் என்பதால் அது இவருக்குக் கிடைக்காது. ஆனால் கல்விக் கடனுக்கான மத்திய அரசின் வட்டி மானியத்திற்கு வரம்பு நாலரை லட்சம். அதற்கு இவர் தகுதியுள்ளவர். "நான் ஜி.எஸ்.டி. கட்டுகிறவன், எனக்கு எதுவும் கிடையாது" என்று தாமே முடிவு கட்டிக்கொண்டு விண்ணப்பிக்காமல் இருப்பவர்கள் நம்மில் ஏராளம். வங்கி லிமிட்டுக்காக ஒரு வருமானமும், தாசில்தாரிடம் வேறு வருமானமும் காட்டுவோர் சிக்கிக்கொள்வதும் உண்டு. இரண்டு தாளும் ஒரே மேஜைக்குத்தான் வருகின்றன.

கடன் விஷயத்திற்கு வருவோம். 4 லட்சம் ரூபாய் வரையிலான கல்விக் கடனுக்குச் சொத்து ஜாமீன் தேவையில்லை. நம் பங்காக முன்பணமும் போட வேண்டியதில்லை. பெற்றோர் இணைக் கடன்தாரராகக் கையெழுத்திட வேண்டும். படிப்புக் காலமும், அதற்கு மேல் ஓர் ஆண்டும் தவணை கட்ட வேண்டாம். ஆனால் அக்காலத்திற்கும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஆண்டுக்கு 1 லட்சம் வீதம் நான்கு ஆண்டுகள் வாங்கினால், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், முதல் லட்சத்திற்கு 5 ஆண்டு வட்டி 50 ஆயிரம்; அடுத்தடுத்த லட்சங்களுக்கு 40, 30, 20 ஆயிரம். ஆக, முதல் தவணைக்கு முன்பே 1 லட்சத்து 40 ஆயிரம் சேர்ந்துவிடும். 2009-10 முதல் நடைமுறையில் உள்ள வட்டி மானியம் இந்தத் தொகைக்கானதுதான். தொழிற்கல்வி, தொழில்நுட்பப் படிப்புகளுக்கு உரியது; கல்லூரி அங்கீகாரத் தரம் பெற்றதா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும். கடன் கிடைத்த கையோடு மானியத்திற்கும் மனுக் கொடுத்தாயிற்றா என்று வங்கி மேலாளரிடம் கேட்டு உறுதி செய்வது அவசியம். கேட்காவிட்டால் அது அப்படியே கிடக்கும். 2024 நவம்பரில் வந்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், தேசிய தரவரிசையில் உள்ள குறிப்பிட்ட கல்வி நிறுவனங்களில் சேர்வோருக்கு ஜாமீன் இன்றியே கடன் உண்டு. 8 லட்சம் வரை வருமானமுள்ள குடும்பத்திற்கு 10 லட்சம் வரையிலான கடனில் 3 சதவீத வட்டிச் சலுகையும் உண்டு.

ரசீது இல்லாத நன்கொடைக்கு எந்த வங்கியும் கடன் தராது. நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் வாங்கினால் முதல் பட்டதாரிச் சலுகையும் போய்விடும். குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் பெறாதிருந்து, ஒற்றைச்சாளரக் கலந்தாய்வு மூலம் தொழிற்கல்வியில் சேர்பவருக்குக் கல்விக் கட்டணத்தில் கிடைக்கும் சலுகை இது. 2010-11 முதல் உள்ளது. நம் உறுப்பினர் குடும்பங்களில் இதற்குத் தகுதியான பிள்ளைகள் நிறைய உண்டு. கலந்தாய்வுக்கு முன்பே இ-சேவை மையத்தில் சான்றிதழுக்கு விண்ணப்பித்துவிட வேண்டும்.

வணிகர் நல வாரியம் 1989-ல் தொடங்கப்பட்டது. வணிகவரித் துறையின் கீழ் இயங்கும் இந்த வாரியத்தில் உறுப்பினரானவரின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி உண்டு. குடும்ப நல நிதி பற்றிக் கேள்விப்பட்டவர்கள் கூட இதை அறிவதில்லை.

நம் கடையில் வேலை செய்பவரின் பிள்ளைகளையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஜூன் மாதம் வந்தால் முதலாளியிடம் முன்பணம் கேட்டு நிற்கிறார். நாமும் கொடுத்துச் சம்பளத்தில் பிடிக்கிறோம். அவருடைய மகள் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால், 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் பட்டம் முடியும் வரை மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். மகனாக இருந்தால் 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களும் இவற்றில் அடங்குவர். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது தடைபடாது. விண்ணப்பம் கல்லூரி வழியாகவே போகும். மாணவர் பெயரில் ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு வேண்டும். அரசு கலைக் கல்லூரியில் இளநிலைப் பட்டப் படிப்புக்குக் கல்விக் கட்டணம் கிடையாது. வெளியூரில் படிப்பவருக்கு ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை விடுதிகளில் சாப்பாடும் தங்குமிடமும் இலவசம். பெண்பிள்ளைகளுக்குச் சாதாரண நகரப் பேருந்தில் 2021 முதல் கட்டணமில்லை.

மற்றொன்று நம் கையில் உள்ளது. ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் கடைகள் தொழிலாளர் நல நிதிக்கு ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும்: ஒரு தொழிலாளிக்கு அவர் பங்கு 20 ரூபாய், நம் பங்கு 40 ரூபாய். அதைக் கட்டினால்தான் அவருடைய பிள்ளை தொழிலாளர் நல வாரியத்தின் கல்வி உதவித்தொகைக்கு மனுச் செய்ய முடியும். அந்த மனுவில் முதலாளியின் கையெழுத்தும் வேண்டும். ஜனவரி 31-க்குள் கட்டிவிட்டு, ரசீது நகலைப் பணியாளரிடம் ஒன்று கொடுத்துவிடுங்கள்.