சுவாச வைரசு நோயறிதலுக்கான மாதிரிகள்

சுவாச வைரசு நோயறிதலுக்கான மாதிரி என்பது இன்புளுவென்சா, கோவிட்-19 போன்ற நோய்களை ஆய்வகத்தில் உறுதிசெய்ய நோயாளியின் மூச்சுப்பாதையிலிருந்து எடுக்கப்படும் சளி அல்லது நீர்மம் ஆகும். வைரசு மூச்சுப்பாதை முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. எனவே ஒரு மாதிரியில் வைரசு காணப்படாததை மட்டும் கொண்டு தொற்று இல்லை என முடிவு செய்ய இயலாது.

மேல் மூச்சுப்பாதை

நோயின் தொடக்க நாட்களில் மூக்கின் பின்புறம் தொண்டையுடன் சேரும் பகுதியில் எடுக்கப்படும் மாதிரி பெரிதும் பயன்படுகிறது. 'ஸ்வாப்' எனப்படும் மெல்லிய குச்சி, தடை உணரப்படும் வரை அண்ணத்திற்கு இணையாக மூக்கினுள் செலுத்தப்பட்டு, சுழற்றி எடுக்கப்படுகிறது. குச்சியின் நுனி நைலான் போன்ற செயற்கை இழையால் ஆனதாக இருத்தல் வேண்டும். மரக்குச்சியும் பருத்திப் பஞ்சும் பிசிஆர் சோதனையைத் தடுக்கக்கூடும்.

கீழ் மூச்சுப்பாதை

நுரையீரல் அழற்சி ஏற்பட்டவர்களுக்குத் தொண்டை மாதிரியில் வைரசு காணப்படாமல், நுரையீரல் மாதிரியில் காணப்படலாம். 2020 இல் சீனாவில் 205 கோவிட்-19 நோயாளிகளிடம் எடுக்கப்பட்ட மாதிரிகளில், நுரையீரலைக் கழுவி எடுத்த நீர்மத்தில் 93%, சளியில் 72%, தொண்டை மாதிரியில் 32% மட்டுமே வைரசு இருப்பதைக் காட்டின. எனினும் நுரையீரலைக் கழுவி எடுத்தல் கடினமானது. கடுமையாக நோயுற்றவர்களுக்கே செய்யப்படுகிறது.

பாதுகாத்தலும் அனுப்புதலும்

கிருட்டிணகிரி மாவட்டத்தின் குந்தாரப்பள்ளி போன்ற சிற்றூர்களில் எடுக்கப்படும் மாதிரிகள், பிசிஆர் ஆய்வகம் உள்ள நகருக்குச் செல்ல வேண்டும். இவை வைரசு கடத்து ஊடகத்தில் இடப்பட்டு, 2 முதல் 8 பாகை செல்சியசு குளிரில் 72 மணி நேரத்திற்குள் ஆய்வகத்தை அடைதல் வேண்டும். மேலும் தாமதமாகுமெனில் −70 பாகையில் உறைய வைத்தல் வேண்டும். குளிர் குறைந்தால் வைரசின் ஆர்.என்.ஏ. சிதைந்து, நோய் உள்ளவருக்கும் 'இல்லை' என முடிவு வரலாம்.

தமிழ்நாட்டில்

2020 ஏப்ரல் 30 அன்று நடுவண் அரசு வெளியிட்ட பட்டியலில், தமிழ்நாட்டில் கிருட்டிணகிரி மட்டுமே பச்சை மண்டலமாக இருந்தது. மே மாதத் தொடக்கத்தில் அங்கும் தொற்று கண்டறியப்பட்டது. ஊரடங்குத் தளர்வுகள் இம்மண்டலங்களைப் பொறுத்தே அமைந்ததால், மாதிரி சரியாக எடுக்கப்படுவது நோயாளிக்கு மட்டுமின்றி மாவட்டத்திற்கே முக்கியமானதாயிற்று.

2020 சூனில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் விரைவு ஆன்டிஜென் சோதனைக்கு ஒப்புதல் அளித்தபோது, நோய் அறிகுறி உள்ளவர்களுக்கு 'இல்லை' என முடிவு வந்தால் ஆர்டி-பிசிஆர் மூலம் மீண்டும் சோதிக்க வேண்டும் என அறிவுறுத்தியது.