'நமக்கு யாரைத் தெரியும்?'
(கல்லூரித் தொழில் காப்பகங்கள் குறித்து நம் குடும்பங்களுக்கு ஒரு கட்டுரை)

பாலக்காட்டுக் கணவாய் வழியே வந்த நம் முன்னோர்க்கும், தேயிலையையும் ஏலத்தையும் நம்பி இடுக்கி மலை ஏறியவர்களுக்கும் பெரிய கைமுதல் இருந்ததில்லை. ஊர்க்காரர் ஒருவர் முன்னே வந்திருப்பார்; அவரைத் தேடி அடுத்தவர் வருவார். தங்க இடம், வேலை, கடைக்குக் கடன் சரக்கு எல்லாம் அந்த அறிமுகத்தால் கிடைத்தன.

இன்று அந்த வீடுகளின் பிள்ளைகள் பொறியியல் கல்லூரிக்குப் போகிறார்கள். மதிப்பெண்ணுக்கும் திறமைக்கும் குறைவில்லை. ஆனால் சொந்தத் தொழில் என்ற பேச்சு எழுந்தவுடன், "நமக்கு யாரைத் தெரியும்?" என்று பெற்றோரே கேட்டுப் பேச்சை முடித்துவிடுகிறோம். அந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும் இடம் ஒன்று கல்லூரி வளாகத்திலேயே இருக்கிறது. அதுதான் இன்குபேட்டர் எனப்படும் தொழில் காப்பகம்.

பெயர் வந்த கதை சுவையானது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்துப் பட்டேவியா என்னும் ஊரில், மூடிக் கிடந்த தொழிற்சாலை ஒன்றை ஜோசப் மன்குசோ என்பவர் 1959-ல் பகுதி பகுதியாகப் பிரித்துச் சிறு நிறுவனங்களுக்கு வாடகைக்கு விட்டார். குடிவந்தவற்றுள் ஒன்று கோழிக்குஞ்சு நிறுவனம். அதை வைத்து வேடிக்கையாகச் சொன்ன 'குஞ்சு பொரிக்கும் பெட்டி' என்ற பெயரே நிலைத்துவிட்டது. நம் நாட்டில் இத்தகைய முயற்சிகளுள் முன்னோடியான ஒன்று, 1986-ல் திருச்சி மண்டலப் பொறியியல் கல்லூரியை ஒட்டித் தொடங்கிய டிரெக்-ஸ்டெப்.

காப்பகம் என்றால் குறைந்த வாடகை அறையும் கணினியும் என்று பலர் நினைக்கின்றனர். அவை எங்கும் கிடைக்கும். அங்கே மட்டும் கிடைப்பது ஆள் தொடர்பு. நம் பக்கத்து உதாரணம் ஒன்றைப் பாருங்கள்.

பாலக்காட்டைக் கடந்து ஓடும் பாரதப்புழையின் கரையில் உள்ளது குற்றிப்புறம். அங்குள்ள எம்.இ.எஸ். பொறியியல் கல்லூரியில் விமல் கோவிந்த், அருண் ஜார்ஜ், நிகில், ராஷித் ஆகிய நால்வர் படித்தனர். மனித உடலோடு பொருந்தி இயங்கும் இயந்திரம் ஒன்றைச் செய்து பார்த்தனர். படிப்பு முடிந்தபின் பணமில்லாமல் வேலைக்குப் போக நேர்ந்தது. பெரும்பாலான மாணவர் கதை அங்கேயே முடிந்துவிடும்.

2015 நவம்பரில் கோழிக்கோட்டில் பாதாளச் சாக்கடைக்குள் இறங்கிய இரண்டு தொழிலாளர்களும், அவர்களைக் காப்பாற்ற இறங்கிய ஆட்டோ ஓட்டுநர் ஒருவரும் இறந்தனர். மனிதர் இறங்காமல் சாக்கடை அடைப்பை எடுக்கும் இயந்திரம் செய்ய முடியுமா என்ற கேள்வி எழுந்தது. இந்த இளைஞர்கள் திரும்பி வந்தனர். கேரள ஸ்டார்ட்அப் மிஷன் கைகொடுத்தது. கேரள நீர்வள ஆணையத்தோடு அவர்களை இணைத்தது. 2018 பிப்ரவரியில் திருவனந்தபுரத்தில் அந்த இயந்திரம் பணியில் இறங்கியது. பெயர் 'பேண்டிகூட்', அதாவது பெருச்சாளி. அதே ஆண்டில் தமிழ்நாட்டுக்கும், கும்பகோணம் நகராட்சிக்கு, அது வந்து சேர்ந்தது. 2022-ல் தமிழகத்தின் ஸோஹோ நிறுவனம் இவர்களது ஜென்ரோபோட்டிக்ஸில் 20 கோடி ரூபாய் முதலீடு செய்தது.

இதில் எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்றுண்டு. இயந்திரத்தைச் செய்யும் அறிவு அந்த நால்வரிடமே இருந்தது. ஆனால் அதை எந்தச் சாக்கடையில் இறக்கிச் சோதிப்பது? யார் அனுமதி தருவார்கள்? முதலில் யார் வாங்குவார்கள்? சாக்கடையைப் பொறுப்பில் வைத்திருக்கும் துறையின் வாசலுக்கு யாரோ ஒருவர் அழைத்துச் சென்றால்தான் இவற்றுக்கு விடை கிடைக்கும். அழைத்துச் செல்ல ஆளில்லாததால் அலமாரியில் தூங்கும் மாணவர் கண்டுபிடிப்புகள் எத்தனையோ!

நமக்கு இன்னொரு வசதியும் உண்டு. எல்லையில் வாழ்வதால் இரு மாநிலக் கதவுகளையும் தட்டலாம். 2015-ல் தொடங்கிய பாலக்காடு ஐ.ஐ.டி.யில் டெக்இன் என்னும் காப்பகம் உள்ளது. கேரளக் கல்லூரிகள் பலவற்றில் ஸ்டார்ட்அப் மிஷனின் ஐ.இ.டி.சி. மையங்கள் செயல்படுகின்றன. வாளையாறு தாண்டினால் கோவையில் 1998-ல் தொடங்கிய பி.எஸ்.ஜி. ஸ்டெப், வேளாண் பல்கலைக்கழகத்திலும் காப்பகம் உண்டு.

இடுக்கியில் ஏலத்தோட்டத்து வீட்டுப் பெண் ஒருத்தி, விறகுச் செலவு குறைந்த உலர்த்தும் இயந்திரம் செய்ய நினைக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். காயின் பச்சை நிறம் மங்கினால் விலை போகாது என்பது அவளுக்குச் சிறுவயதிலிருந்தே தெரியும். அவளுக்கு வேண்டியவை மூன்று: மயிலாடும்பாறை ஏலக்காய் ஆராய்ச்சி நிலையத்தில் பேச ஓர் ஆள், இயந்திரப் பாகம் வார்த்துத் தர ஒரு கோவைப் பட்டறை, தன் ஸ்டோரில் ஒரு பருவம் சோதிக்க விடும் தோட்டக்காரர். மலையாளமும் தமிழும் பேசும் அவளுக்கு இம்மூவரிடமும் மொழித் தடை இல்லை. அறிமுகம் ஒன்றே குறை.

காப்பகத்தில் சேர்ந்தவர் எல்லோரும் வென்றுவிடுவதில்லை. பொருள் சரியில்லை என்றால் எந்த அறிமுகமும் அதை விற்றுத் தராது. சில காப்பகங்கள் உதவிக்கு ஈடாக நிறுவனத்தில் பங்கு கேட்பதுண்டு. படித்துப் பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும். சேர்ந்த பிள்ளைகளும் அறைக்குள் அடைந்து கிடக்காமல், பக்கத்து மேசைக்காரரிடம் பேசவும், பழைய மாணவர்களைத் தேடிப் போகவும், குறை சொல்பவரிடம் காது கொடுக்கவும் பழக வேண்டும்.

பெற்றோர் செய்யக்கூடியது, கல்லூரியில் சேர்க்கும் நாளில் விடுதியைப் பற்றிக் கேட்பதோடு, "இங்கே தொழில் காப்பகம் உண்டா? யார் பொறுப்பு?" என்றும் கேட்பது. நம் சங்கம் செய்யக்கூடியதும் உண்டு. ஓய்வு பெற்ற பொறியாளர், வணிகர், வங்கி அதிகாரி, தோட்டக்காரர் எனப் பலர் நம்மிடையே இருக்கிறார்கள். மாதம் ஒரு மணி நேரம் பிள்ளைகளுக்கு ஒதுக்க இசைபவர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்றை அடுத்த பொதுக்குழுவுக்குள் தயார் செய்தால் போதும்.

முன்னே வந்த ஊர்க்காரர் அன்று நம் பாட்டனாருக்குச் செய்தது இதுதான். அடுத்த பிள்ளை "நமக்கு யாரைத் தெரியும்?" என்று கேட்கும்போது, சொல்ல நம்மிடம் ஒரு பெயராவது இருக்கட்டும்.